வெளிநாட்டு ஆய்வகத்தில் ஒரு கோடை: யார் பணத்தில், யாருக்கு?

போன டிசம்பரில் ஒரு நாள், வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, இரண்டாமாண்டு பி.எஸ்சி. இயற்பியல் மாணவி ஒருத்தி எங்கள் துறை அறைக்கு வந்தாள். கையில் நீளமான ரூல்டு நோட்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கோடையில் இளநிலை மாணவர்களுக்காக நடத்தும் ஆய்வுத் திட்டங்கள் முப்பத்தொன்றின் பெயர்களைக் கட்டம் போட்டு எழுதியிருந்தாள். எந்தத் துறை, எத்தனை வாரம், எவ்வளவு உதவித்தொகை, கடைசித் தேதி என்ன என்று எல்லாம் இருந்தது. தலைப்புகள் சிவப்பு மையில், தேதிகள் பச்சையில். “முப்பத்தொண்ணுக்கும் போட்டுடலாம்னு இருக்கேன் சார். ரெகமெண்டேஷன் லெட்டர் மட்டும் நீங்க குடுக்கணும்” என்றாள்.

முதல் பெயரைக் கணினியில் திறந்து அறிவிப்பின் அடிவரை போனேன். விண்ணப்பிப்பவர் அமெரிக்கக் குடிமகனாகவோ அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. இரண்டாவதிலும் அதே வரி. மூன்றாவதிலும் அதே. ராத்திரி ஏழு மணி வரை இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். முப்பத்தொன்றில் அவள் விண்ணப்பிக்கக்கூடியவை இரண்டே இரண்டு. விடுதியில் விட்டு விட்டு வரும் வைஃபையை வைத்துக்கொண்டு மூன்று வாரம் உழைத்துத் தயாரித்த பட்டியல் அது. ஒன்றும் பேசாமல் நோட்டை மூடிவைத்தாள்.

அவள் உழைப்பில் குறையில்லை, தேட ஆரம்பித்த இடம்தான் தவறு. அதைச் சொல்லித்தந்திருக்க வேண்டியவர்கள் ஆசிரியர்களான நாங்கள். எந்தத் திட்டம் பெயர் பெற்றது, எதில் இடம் கிடைப்பது எளிது என்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டியது, அதற்குப் பணம் கொடுப்பது யார், எதற்காகக் கொடுக்கிறார்கள் என்பதைத்தான். அது தெரிந்துவிட்டால் யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்கமாட்டார்கள் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு மொத்தத்தையும் பார்த்தால் வெளிநாட்டுக் கோடை ஆய்வு வாய்ப்புகள் நான்கு வகையில் அடங்கிவிடுகின்றன.

அவள் நோட்டில் இருந்தவை பெரும்பாலும் முதல் வகை: தன் சொந்த மாணவர்களுக்கென்றே ஒதுக்கிய பணம். இதில் ஆர்.இ.யு. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் திட்டத்தை அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987இல் தொடங்கியது. ஒரு பல்கலைக்கழகமோ ஆய்வகமோ அறக்கட்டளையிடம் நிதி வாங்கி, ஒரு கோடைக்குப் பத்துப் பேர் அளவில் மாணவர்களை எட்டு முதல் பத்து வாரம் வரை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி பழக்கும். அது அமெரிக்கர்களின் வரிப்பணம். தன் நாட்டுப் பிள்ளைகளை ஆராய்ச்சிக்கு இழுப்பதற்காகவே அந்த அரசு அதைச் செலவழிக்கிறது. நம் ஊர் ‘இன்ஸ்பயர்’ உதவித்தொகையும் அப்படித்தானே. அமெரிக்க எரிசக்தித் துறையின் தேசிய ஆய்வகங்களில் நடக்கும் ‘சூலி’ திட்டத்திலும், ‘ஆம்ஜென் ஸ்காலர்ஸ்’ திட்டத்தின் அமெரிக்கப் பிரிவிலும் இதே நிபந்தனை உண்டு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ‘யுராப்’ 1969இலிருந்து நடக்கிறது, உலகப் புகழ் பெற்றது, ஆனால் அடிப்படையில் அந்த நிறுவனத்தின் சொந்த மாணவர்களுக்கானது. ஆர்.இ.யு. நடத்தும் சில இடங்கள் வேறு நிதியிலிருந்து ஓரிரு வெளிநாட்டவரைச் சேர்ப்பதுண்டு. கேட்டுப் பார்க்கலாம். அதை நம்பிக் கோடையைத் திட்டமிடக் கூடாது.

இரண்டாம் வகை நேர் எதிரானது: வெளிநாட்டு மாணவர்களை வரவழைக்கவே அரசுகள் ஒதுக்கும் பணம். இதில் பாஸ்போர்ட் நமக்குச் சாதகம். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி.யில் ‘ரைஸ்’ என்று ஒன்று உண்டு, ‘வைஸ்’ என்று ஒன்று உண்டு. ரைஸ் ஜெர்மனி திட்டம் வட அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து மாணவர்களுக்கு. இந்தியாவில் படிப்பவர்களுக்கென்று வைத்தது வைஸ். ஓரெழுத்து மாறியதைக் கவனிக்காமல் ரைஸ் படிவத்தின் முன்னால் இரண்டு நாள் போராடிய பொறியியல் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். வைஸுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஜெர்மனியில் ஒரு பேராசிரியரைத் தானே தேடிப் பிடித்து, ‘வா’ என்று அவர் எழுதிய கடிதத்தோடுதான் விண்ணப்பிக்க முடியும். பிரெஞ்சுத் தூதரகம் இந்திய மாணவர்களுக்கு வழங்கும் ‘ஷார்பாக் லேப்’ உதவித்தொகையும் இதே மாதிரி. 1992இல் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜார்ஜ் ஷார்பாக்கின் பெயரில் அமைந்தது அது.

இந்த வகையில் நான் மாணவர்களிடம் முதலில் சொல்வது கனடாவின் ‘மைட்டாக்ஸ் குளோபலிங்க்’. காரணம், இதில் பேராசிரியரைத் தேடி அலைய வேண்டியதில்லை. கனடியப் பேராசிரியர்கள் தங்கள் பிராஜெக்டுகளைப் பட்டியலிட்டு வைத்திருப்பார்கள், மாணவர் அதிலிருந்து தனக்குப் பிடித்த சிலவற்றை வரிசைப்படுத்திக் கொடுத்தால் போதும். பன்னிரண்டு வாரம், மே முதல் அக்டோபருக்குள். ஆனால் விண்ணப்பம் முந்தைய ஆண்டு செப்டம்பரிலேயே முடிந்துவிடும். பயிற்சி முடித்துத் திரும்பிய பின்னும் படிப்பில் செமஸ்டர் மிச்சமிருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. தமிழ்நாட்டில் பி.எஸ்சி. இன்னும் பெரும்பாலும் மூன்றாண்டுப் படிப்பு. ஆகவே நம் பி.எஸ்சி. மாணவர் இரண்டாமாண்டு தொடங்கியதுமே விண்ணப்பித்தாக வேண்டும். அந்த வயதில் அவர் குவாண்டம் இயங்கியல் பாடத்தின் முதல் அலகைக்கூடத் தொட்டிருக்கமாட்டார். நான்காண்டு பி.இ. மாணவருக்கு ஓராண்டு கூடுதலாகக் கிடைக்கிறது. இந்த ஓராண்டில்தான் கலை அறிவியல் கல்லூரிப் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள்.

அமெரிக்கா போக இந்திய மாணவர்களுக்கென்றே இரு நாட்டு ஒத்துழைப்பில் உருவான வழிகளும் உண்டு. உயிரியல், உயிரிதொழில்நுட்ப மாணவர்களுக்கான கொரானா திட்டம் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவானது. 1968இல் நோபல் பரிசு பெற்றபோது ஹர் கோவிந்த் கொரானா அங்கேதான் பணியாற்றிக்கொண்டிருந்தார். மற்ற அறிவியல் துறைகளுக்கு எஸ்.என். போஸ் திட்டம். இரு அரசுகளின் மனநிலையும் நிதிநிலையும் சேர்ந்து முடிவு செய்யும் விஷயம் என்பதால், அந்த ஆண்டு அறிவிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆசையை வளர்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் வகை எனக்கு மிகவும் பிடித்தது. நிறுவனமே தன் பணத்தைச் செலவழித்து உலகம் முழுவதிலிருந்தும் மாணவர்களைச் சேர்ப்பது. ஜப்பானின் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகம், வியன்னாவுக்குப் பக்கத்தில் க்ளோஸ்டர்நாய்பர்கில் இருக்கும் ஆஸ்திரிய அறிவியல் தொழில்நுட்பக் கழகமான ‘இஸ்டா’, சவுதி அரேபியாவில் செங்கடல் கரையில் 2009இல் திறந்த ‘காவ்ஸ்ட்’ ஆகிய மூன்றும் இதற்கு நல்ல உதாரணங்கள். இவற்றில் பி.எஸ்சி. வகுப்பே கிடையாது. முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்கள் மட்டும்தான். தன் வளாகத்தில் இளநிலை மாணவர் இல்லாத நிறுவனம் நாளைய ஆய்வு மாணவரை எங்கே கண்டுபிடிக்கும்? உலகெங்கும் இருந்து ஒரு கோடைக்கு வரவழைத்து, பக்கத்தில் வைத்து வேலை வாங்கிப் பார்க்கும். ஒகினாவாவில் விமானக் கட்டணம், தங்குமிடம், தினப்படி எல்லாம் உண்டு, ஆண்டுக்கு இரண்டு முறை விண்ணப்பிக்கலாம். இஸ்டாவின் பயிற்சி எட்டு முதல் பன்னிரண்டு வாரம். காவ்ஸ்டில் மூன்று முதல் ஆறு மாதம். எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று இவை தடுப்பதில்லை. அவர்களுக்கு வேண்டியது நாளைக்குத் தங்களிடம் முனைவர் பட்டத்துக்கு வரக்கூடிய ஆள். அதனால் விண்ணப்பக் கட்டுரையில் “சிறு வயது முதலே அறிவியலில் ஆர்வம்” என்று எழுதுவதைவிட, அங்கே எந்த ஆய்வுக்குழுவின் எந்தக் கேள்வி தனக்குப் பிடித்தது என்று நான்கு வரி எழுதுவது மேல்.

ஜெனீவாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன் தனி ரகம். அதன் கோடை மாணவர் திட்டம் 1962இலிருந்து நடக்கிறது. இந்தியா 2017இல் அதன் இணை உறுப்பு நாடானது. உறுப்பினரல்லாத நாடுகளின் மாணவர்களுக்கும் அங்கே இடமுண்டு. இயற்பியல் மட்டுமல்ல, கணினியும் பொறியியலும் படிப்பவர்களையும் எடுக்கிறார்கள். ஆனால் குறைந்தது மூன்றாண்டு பல்கலைக்கழகப் படிப்பு முடிந்திருக்க வேண்டும். காலையில் வகுப்பு, மீதி நேரம் ஒரு குழுவோடு வேலை. அந்த வகுப்புகளின் ஒளிப்பதிவுகள் பொதுவில் கிடைக்கின்றன. இடம் கிடைக்காதவரும் ஒரு கோடையை அவற்றோடு கழிக்கலாம். ஹாம்பர்கின் ‘டெசி’ ஆய்வகமும் இதேபோல் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும். வானியல் பிடித்தவர்களுக்கு நெதர்லாந்தின் லெய்டனில் ‘லீப்ஸ்’ இருக்கிறது.

நான்காவது வகைக்குப் பெயரே கிடையாது. ஒரு பேராசிரியர், அவரிடம் இருக்கும் நிதி, அவருக்கு வரும் ஒரு மின்னஞ்சல், அவ்வளவுதான். வைஸ், ஷார்பாக் போன்றவற்றின் வாசலும் இந்த மின்னஞ்சல்தான். கால்டெக்கில் 1979இலிருந்து நடக்கும் ‘சர்ஃப்’ திட்டத்திலும் மாணவர் முதலில் வழிகாட்டியைத் தேடிக்கொண்டு, அவரோடு சேர்ந்து ஆய்வு முன்மொழிவை எழுதித்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதனால் இந்த மின்னஞ்சலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நம் மாணவர்கள் எழுதும் கடிதம் பெரும்பாலும் ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கும். பெறுபவர் பெண் பேராசிரியராக இருப்பார். அடுத்து, தங்கள் மேன்மைமிகு ஆய்வகத்தில் சேர மிகவும் ஆர்வம் என்று ஒரு வாக்கியம். பிறகு பத்தாம் வகுப்பு மதிப்பெண், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண், பேச்சுப்போட்டிப் பரிசு. இதையே இருநூறு பேருக்கு அனுப்பிவிட்டு, யாரும் பதில் போடவில்லை என்று மனம் நொந்து நிற்பார்கள். பணிவு குறித்து நம் வகுப்பறைகளில் கற்றுக்கொடுத்தது இந்தக் கடிதங்களில் அப்படியே இருக்கிறது. வேலையைப் பற்றிப் பேச நாம் கற்றுக்கொடுக்கவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த ஒரு மாணவனின் கடிதத்தைச் சொல்கிறேன். 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ கருவிகள் முதன்முதலாகப் பதிவு செய்த ஈர்ப்பலையின் தரவு பொதுவில் இருக்கிறது, யாரும் இறக்கிக்கொள்ளலாம். இவன் அதை இறக்கி, பைத்தானில் நிரல் எழுதி, இரைச்சலை வடிகட்டி, ஐந்தில் ஒரு விநாடி மட்டுமே நீடித்த அந்த அதிர்வைத் தன் பழைய லேப்டாப்பில் வரைந்துவிட்டான். ஆனால் லைகோவின் இரு கருவிகள் இருக்கும் லிவிங்ஸ்டனிலும் ஹான்ஃபோர்டிலும் பதிவான இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தவில்லை. ஒன்று மேலே ஏறும்போது இன்னொன்று கீழே இறங்கியது. நிரலில் எங்கோ பிழை என்று நான்கு நாள் தேடினான். ஐந்தாம் நாள்தான் விஷயம் பிடிபட்டது. இரண்டு கருவிகளும் பூமியில் வெவ்வேறு திசை பார்த்துக் கிடக்கின்றன, அலை ஒன்றை அடைந்து ஏறக்குறைய 7 மில்லி விநாடி கழித்தே மற்றதை அடைகிறது. ஒரு கோட்டைத் தலைகீழாகத் திருப்பி, 7 மில்லி விநாடி நகர்த்தியதும் இரண்டும் ஒட்டிக்கொண்டன. திரையைக் காட்ட என்னைத் தேடி கேன்டீனுக்கே ஓடிவந்தான்.

அவன் கடிதம் பன்னிரண்டு வரி. முதல் மூன்று வரியில் தான் யார், எங்கே படிக்கிறான் என்பது. அடுத்த ஐந்து வரியில் இந்த நான்கு நாள் கதை, படத்தோடு. அதன்பின், அந்தப் பேராசிரியரின் கட்டுரை ஒன்றில் தனக்குப் புரியாத ஓர் இடம். கடைசியில், எந்த மாதங்களில் வர முடியும், எந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க நினைக்கிறான் என்பது. பதினான்கு பேருக்கு எழுதினான், ஒவ்வொருவருக்கும் வேறு கேள்வி. மூன்று பேர் பதில் எழுதினார்கள். ஒருவர் நிதி இல்லை என்று கைவிரித்தார். ஒருவர் அடுத்த ஆண்டு எழுதச் சொன்னார். மூன்றாமவர் இங்கிருந்தபடியே செய்ய ஒரு சிறு வேலை கொடுத்து, அது முடிந்ததும் அழைப்புக் கடிதம் அனுப்பினார். அவன் மதிப்பெண் சுமார்தான், முதலாமாண்டில் ஓர் அரியர்கூட இருந்தது.

இனி காகிதங்கள். வாய்ப்பு கிடைத்த பிறகும் நம் பிள்ளைகள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ஐரோப்பியக் கோடை என்பது ஜூலை, ஆகஸ்ட். நம் செமஸ்டர் தேர்வு மே கடைசி வரை இழுக்கும். ஜூலையில் அடுத்த செமஸ்டர் தொடங்கிவிடும், 75 விழுக்காடு வருகைப்பதிவு இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு மாணவிக்கு ஐரோப்பாவில் இடம் உறுதியானது. அவள் கல்லூரி தடையின்மைச் சான்று தர மறுத்துவிட்டது. மதிப்பெண் பட்டியலின் உறையிட்ட பிரதிக்குப் பல்கலைக்கழக அலுவலகம் ஐந்து வாரம் எடுத்துக்கொண்டது. அதற்குள் அந்த இடம் வேறொருவருக்குப் போனது. அவளுக்கு மறுபடி அப்படியொரு வாய்ப்பு வரவில்லை. இன்றைக்கும் அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசுகிறது, அது என் கல்லூரி இல்லை என்றாலும். எட்டு வாரப் பயிற்சியை இன்டர்ன்ஷிப் என்று ஏற்று வருகைப்பதிவில் சேர்க்க ஒரு துறைக் கூட்டத் தீர்மானம் போதும். அதைச் செய்யாத கல்லூரிகள்தான் சுவரில் ‘ஆராய்ச்சிச் சிறப்பு’ என்று பலகை மாட்டி வைக்கின்றன.

பரிந்துரைக் கடிதமும் அப்படித்தான். “நீயே டைப் பண்ணிக் கொண்டா, கையெழுத்து போட்டுத் தர்றேன்” என்பது நம் கல்லூரிகளில் அன்றாடம் கேட்கும் வாசகம். படிக்கிறவருக்கு அது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். கல்லூரியின் பெயரில் மின்னஞ்சல் முகவரி இல்லாமல் ஜிமெயிலிலிருந்து ஆசிரியர் அனுப்பும் கடிதத்தையும் பல இடங்களில் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். அந்த முகவரியை வாங்கி வைப்பது ஆசிரியரின் வேலை, மாணவரின் வேலை அல்ல.

பி.எஸ்சி. மாணவருக்கு இன்னொரு கண்ணியும் உண்டு. மூன்றாமாண்டு முடித்தவர் ஜூன் மாதம் எந்தக் கல்லூரியின் மாணவரும் அல்ல. எம்.எஸ்சி. சேர்க்கை இன்னும் முடிந்திருக்காது. ‘தற்போது மாணவராக இருக்க வேண்டும்’ என்று கேட்கும் திட்டங்கள் அந்த இரண்டு மாதத்துக்காகவே அவரைத் தள்ளிவிடும். சமீபத்தில் பட்டம் முடித்தவர்களையும் ஏற்கும் இடங்கள் உண்டு, ஒகினாவா அதில் ஒன்று. இலங்கையில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நான்காண்டுச் சிறப்புப் பட்டம் படிப்பவருக்கு இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் வைஸ், கொரானா, போஸ் மூன்றும் இந்தியாவில் படிப்பவர்களுக்கானவை. அவர் நேராக மூன்றாம் வகையிலும் நான்காம் வகையிலும்தான் தேட வேண்டியிருக்கும்.

பணத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. விமானக் கட்டணம் தருகிறோம் என்பார்கள், ஆனால் பல இடங்களில் டிக்கெட்டை நாம் வாங்கி, போய்ச் சேர்ந்தபின் ரசீது கொடுத்தால்தான் கைக்கு வரும். முதல் மாத உதவித்தொகையும் வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான். இடைப்பட்ட ஆறேழு வாரத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் புரட்ட வேண்டியிருக்கும். நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு அது அம்மாவின் வளையல். அமெரிக்கா என்றால் பெரும்பாலும் ஜே-1 விசா, அதன் கட்டணம் 185 டாலர், அதோடு வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான சேவிஸ் கட்டணம் 220 டாலர் தனி. ஷெங்கன் நாடுகளில் குறுகிய கால விசா 90 நாள்தான். பன்னிரண்டு வாரம் என்பது 84 நாள், அதற்குள் அடங்கிவிடும். கனடாவில் அரசு நிதி பெறும் பல்கலைக்கழகத்தில் 120 நாள் வரை ஆய்வு செய்பவருக்குப் பணி அனுமதி விலக்கு உண்டு, ஆனால் நாட்டுக்குள் நுழைய விசா வேண்டும். எந்த வகை விசா என்பதை அழைக்கும் நிறுவனத்தின் அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். தெருமுனை டிராவல்ஸில் கேட்கக் கூடாது.

பணம் கட்டச் சொல்லும் ‘சர்வதேச ஆய்வுப் பயிற்சி’கள் இப்போது நிறைய முளைத்திருக்கின்றன. மூன்று வாரம், ஆன்லைனில், சான்றிதழ் உண்டு, கூடவே ஒரு கட்டுரை வெளியீடும் உண்டு என்பார்கள். நல்ல ஆய்வகம் தன்னிடம் வேலை பழக வரும் மாணவரிடம் காசு வாங்காது. அந்தச் சான்றிதழை விண்ணப்பத்தில் சேர்த்தால் நன்மையைவிடக் கெடுதலே அதிகம்.

வெளிநாடு போகுமுன் உள்நாட்டில் ஒரு கோடை கழித்திருந்தால் விண்ணப்பமே வேறு மாதிரி இருக்கும். பெங்களூர், டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய மூன்று ஊர்களின் அறிவியல் அகாதெமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகை இரண்டு மாதம். நாட்டின் எந்தக் கல்லூரி மாணவரும் போடலாம், ஆசிரியர்களும் போடலாம் என்பதை நம் ஆசிரியர்கள் பலர் கவனித்ததேயில்லை. தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து ராத்திரி பஸ் ஏறினால் விடிகாலையில் தாம்பரம். இப்படியொரு நிறுவனத்தில் எட்டு வாரம் உடனிருந்து பார்த்த ஒரு விஞ்ஞானி எழுதும் கடிதம், வகுப்பில் அறுபது பேரில் ஒருவராக மட்டுமே மாணவரைத் தெரிந்த நான் எழுதும் பத்துக் கடிதங்களுக்குச் சமம்.

நோட்டோடு வந்த அந்த மாணவி இப்போது மூன்றாமாண்டு. கோடையை அகாதெமி உதவித்தொகையில் கழித்துவிட்டு வந்தாள். போன வாரம் துறை அறைக் கணினியில் ஒகினாவா விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். நோட்டில் புதுப் பக்கம். இப்போது முதல் கட்டத்தில் ‘யார் பணம்’ என்றும் இரண்டாவதில் ‘யாருக்கு’ என்றும் இருந்தது, ஒன்பது வரிகள் நிரம்பியிருந்தன. எந்த மாதத்திலிருந்து வர முடியும் என்று படிவம் கேட்டது. ஏப்ரல் தேர்வு எப்போது முடியும் என்று பல்கலைக்கழகம் இன்னும் அறிவிக்கவில்லை.

“மே கடைசி போடட்டுமா சார்?”

“ஜூன் போடும்மா. பிராக்டிகல் தள்ளிப்போகும்.”